மைச்சிமிழ்

யோபுவின் மகள்கள் பெயரையே
அப்பா எங்களுக்கு வைத்தார்.
எமீமாள் அக்கா ஆவடி ஊழியர் வீட்டில்.
கெத்சீயாள் நான், கொருக்குப்பேட்டையைத் தாண்டவில்லை.
கடைக்குட்டி கேரேனாப்புக்;
மைச்சிமிழ் என்று அர்த்தமாம்,
கம்மலும் மையும் ஆகாத வீட்டில்!

துறைமுகத்தில் நிலக்கரி இறங்கினால்
எங்கள் வெள்ளைப் புடவைகளுக்குத் தெரிந்துவிடும்.
கொடியில் உதறியவள் இமையோரம் கரி.
ரயில்வே கேட் திறக்கக் காத்திருந்த
டிரெய்லர் ஓட்டும் அருளப்பன்
பார்த்தான்,
குனிந்துகொண்டான்.

ஏழு மாதமாகச் சபையில் கடைசிப் பாய் அவனுக்கு.
மோதிரம் இருந்த விரலில்
வெளுத்த வளையம்.
"கர்த்தர் பேசட்டும்" என்பதோடு சரி, அப்பா.

நேற்று அவன் அம்மாவோடு வந்தான்.
துணி எடுத்துக்கொண்டிருந்தவள்
முகம் கழுவ ஓட,
வாசலில் அப்பா.
அந்தக் கரியையே பார்த்தார்.

"இருக்கட்டும் பாப்பா."