பன்னிரண்டரை

நெஞ்சில் அறுநூற்றுப் பதினான்கு.
நான்கு மூலைக்கும் நான்கு சேலை ஊசி.
ஒலிபெருக்கிப் பையன்
என் பெயரில் தடுக்கி எழுந்து
"பூங்கா... வானம்" என்கிறான்.
வனத்துக்கு ஒரு கால் சேர்த்துவிட்டான்.
அறுபத்து மூன்றில்
சும்மா கிடைக்கிற காலை
யார் வேண்டாம் என்பார்கள்?

மிண்டேன் திடலில் மணி ஏழே முக்கால்.
கொடிமலைப் பக்கம் மேகம் இன்னும் எழுந்திருக்கவில்லை.
ஐயாயிரம் மீட்டர், பெண்கள்,
முப்பத்தைந்துக்கு மேல் எல்லா வயதும் ஒரே கும்பல்.
துப்பாக்கி வெடித்ததும்
முதல் அரைச் சுற்றில்
எல்லோருக்கும் பதினெட்டு வயது.

பிறகு அவரவர் வயது
அவரவரைத் தேடி வந்து சேர்ந்தது.

இடது குதிகால் நரம்பு
காலையில் என்னோடு பேசவே மறுத்தது.
மூன்றாம் சுற்றில் வாய் திறந்தது.
ஐந்தில் மூடவே இல்லை.
"நடந்தாலே போதுமே" என்றார் டாக்டர்.
போதும் என்பது அவருடைய சொல்.

ரொக்கியா, கெடாக்காரி, ஐம்பத்தொன்று.
முதல் தடவை முந்தியபோது அவள் மூச்சு கேட்டது.
இரண்டாம் தடவை வியர்வை தெறித்தது.
மூன்றாம் தடவை "ஜொம், காக்" என்றாள்,
இன்னொருத்திக்கும் கொடுக்கக்
காற்று மிச்சம் வைத்திருந்தவள்.

அவள் முடித்துப் போனபின்
திடல் சட்டென்று பெரிதாகிவிட்டது.
இந்த இடத்தை யாரும் படமெடுப்பதில்லை.
உள்ளே இரண்டு எட்டு, வெளியே இரண்டு எட்டு.
நாக்கில் பழைய இரும்புச் சுவை.

பாயான் லெப்பாஸில் முப்பத்தொரு வருடம்
நுண்ணோக்கிக்குக் கீழே சில்லு எண்ணியவள் நான்.
தட்டுக்கு நூற்றிருபது.
ஒன்று குறைந்தால் சூப்பர்வைசர் லிம்
பெட்டியையே கவிழ்த்து
"முதல்லேர்ந்து" என்பார், தமிழிலேயே.
இரவு ஷிப்டில், மாதவிலக்கில்,
அப்பா இறந்த மறுவாரத்தில்
என்னென்னவோ தப்பியிருக்கிறது,
எண்ணிக்கை தப்பியதில்லை.

ஆகவே அந்த மணியை
ஒரு சுற்று முன்னதாக அவர்கள் அடித்தபோதே தெரியும்.

பதினொன்றரை.
கோட்டருகே சுற்று எண்ணும் இளைஞன்
இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினான்.
"ஹாபிஸ், காக், ஹாபிஸ்."
முடிந்ததாம்.
கடிகாரத்தை அமுக்கிவிட்டுத்
தண்ணீர் போத்தலை நீட்டினான்.
பொய் சொல்ல மாட்டேன்,
ஒரு கணம் என் இரண்டு முழங்கால்களும்
அவன் கட்சிக்குப் போய்விட்டன.
ஆனால் நாற்பது ரிங்கிட் கட்டியிருக்கிறேன்,
பன்னிரண்டரைக்கு.

தாண்டி ஓடினேன்.

அடுத்தது தடை ஓட்டம்.
பையன்கள் தடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
முதல் தடத்தில் வைத்ததை ஒருவன்
கல்யாண வீட்டு நாற்காலி போலத் தூக்கி
ஒதுங்கி வழிவிட்டான்.
தலைக்கு மேல் ஒரு விமானம்
சக்கரங்களை நீட்டியபடி இறங்கிப் போனது.
தூர வளைவில், ஆறாம் சுற்றில் விலகிய ஹூய் லிங்,
எழுபது வயது,
ஒரு காலணியைக் கழற்றிப் புல்லில் உட்கார்ந்திருந்தவள்,
என்னைப் பார்த்து
ஒற்றை விரலை உயர்த்தினாள்.
அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கோட்டில் யாரும் இல்லை.
மணிக்கட்டில் முப்பத்தொன்று இருபது.

மேசைக்குப் போய்ச் சொன்னேன்.
"பரவாயில்லை ஆன்ட்டி,
உங்கள் பிரிவில் நீங்கள் ஒருவர்தான்,
எப்படியும் தங்கம்."
சுவரில் ஒட்டிய தாளில்
இருபத்தெட்டு ஐம்பத்திரண்டு,
பூங்காவானம்.
யாரோ ஒருத்தி. நல்ல ஓட்டக்காரி.
அவளை ஒரு நாள் பிடிக்க வேண்டும்.

காரில் அவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
கண்ணாடியைத் தட்டுவதற்கு முன்
எண் அட்டையைக் கழற்றினேன்.
ஊசிகளை உள்ளங்கையில் எண்ணினேன்,
மறுபடியும் எண்ணினேன்.
மூன்று.