ஏழே முக்கால்

ஐம்பத்தைந்து நிமிடம் போதும்
என்கிறது கம்ப்யூட்டர்.
அதற்கு முழங்கால் இல்லை,
கைப்பிள்ளை இல்லை,
ஓடுகிற படிக்கட்டின் முன்னால்
செருப்பைக் கழற்றுவதா என்று நின்று யோசிக்கிற வழக்கமும் இல்லை.
ஆகவே, கல்முனை பிரதான வீதியில்
பாமசிக்கு மேல்மாடியில் இருந்துகொண்டு
நான்தான் தீர்மானிக்கிறேன்,
யார் எவ்வளவு நேரம்
அந்நிய நாட்டில் சும்மா இருப்பது என்று.

முதல் பயணம் என்றால் மூன்றரை.
நோன்பு காலம் என்றால் இன்னும் கொஞ்சம்.
அக்கரைப்பற்று ரஸ்மி ஹாஜியாருக்கு
ஒன்றரைக்கு மேல் போட்டால் கோபம் வரும்.
எல்லாருக்கும் ஒரே பாட்டு:
குறைச்சுப் போடு தங்கச்சி,
குந்திக்கொண்டிருக்க ஏலாது.

நிறோஜினி மட்டும்
கூட்டிப் போடச் சொன்னாள்.

பெரியநீலாவணை. முப்பத்திரண்டு வயது.
அம்மானில் தையல் பெக்டரி, இரண்டு வருஷம்.
டோகாவில் மாற வேண்டும்.
மலிவான டிக்கெட்டில் எழுபத்தைந்து நிமிடம் இருந்தது.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
அவள் பார்க்கவில்லை.
தன் போனை என் பக்கம் திருப்பினாள்.

அதில் இன்னொரு டிக்கெட். யோகதாசன்.
புக்காரெஸ்டிலிருந்து கொழும்பு,
டோகா வழி, அதே திகதி.

"இவர் வாறார். நான் போறன்.
மகளோட ஒராள் வீட்டில இரிக்கணும்தானே."
மறுகா, மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு:
"திறப்புக் குடுக்கணும் கா."

அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே என்றேன்.
"அக்கா இரிக்கா" என்றாள்.
அதற்கு மேல் அவள் சொல்லவில்லை.
எனக்கு விளங்க
கொஞ்ச நேரம் எடுத்தது.

கணக்குப் போட்டோம்.
அவர் இறங்குவது மாலை ஐந்தரை.
கொழும்பு விமானத்தை இரவு இரண்டுக்கு மாற்ற
கொம்பனி ஓமென்றதாம்.
இவளைக் காலையில் ஏற்றி
பகல் பன்னிரண்டுக்கே இறக்கினேன்.
அம்மான் விமானம் இரவு ஒன்றேகால்.
ஏழே முக்கால் மணி.
அதில் தாமதத்துக்கு ஒன்று கழித்தேன்.
பரிசோதனை வரிசைக்கு நாற்பது நிமிடம்.
ஒருவரையொருவர் தேடிப் பிடிக்க அரை மணி
("அரை மணியா? என்ட மனிசன்தானே!" சிரித்தாள்),
வாசலில் முன்கூட்டியே நிற்க நாற்பத்தைந்து.
ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் குறைவு.
முடிந்த மூன்று வருஷத்துக்கும்
வரப்போகிற இரண்டுக்கும் சேர்த்து.

வித்தியாசம் பதின்மூவாயிரத்து நானூறு.
பாஸ்போட் உறைக்குள் மடித்து வைத்திருந்தாள்,
கேட்கப்போகிற தொகை
முன்பே தெரிந்தவள் போல.

மகா ஓயா யானைக்கும் இரண்டு மணி வையுங்கள்
என்று சொல்லியிருந்தேன்.
வைத்தாள். யானை ஒன்றரை எடுத்தது.

புக்காரெஸ்டில் பனி கொட்டும் என்பதை
நான் சேர்க்கவில்லை.
மாசி மாதம், இங்கே ஃபேனை நாலில் வைத்திருந்தேன்,
பனி நினைவுக்கே வரவில்லை.
வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு
போனில் அந்தச் சின்ன மஞ்சள் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது அசையவில்லை.
ஒரு மணி. நான் கழித்து வைத்தது தீர்ந்தது.
இரண்டு. இரண்டே முக்கால்.
அதன் பிறகு எண்ணவில்லை,
போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மூன்றாம் நாள் குரல் செய்தி.
பின்னால் மெஷின்கள் கடகடவென்று ஓடுகின்றன.
"தங்கச்சி, கண்டுட்டம்.
அந்தப் பெரிய மரக்கதிரையில இருந்து
இடியப்பம் சாப்பிட்டம், கட்டிக் கொண்டு போனது,
புளிச்சிப் போச்சி, அவர் எல்லாத்தையும் திண்டார்.
மகளுக்குப் பல்லு விழுந்த கதையே
அவருக்கு நான் இன்னும் சொல்லலகா இருந்தன்.
நேரம் காணும் கா, நீங்க போட்டது காணும்."
கொஞ்சம் மெஷின் சத்தம்.
பிறகு சிரிப்பா மற்றதா என்று தெரியாத ஒன்று.
"திறப்ப என்ட பேக்குக்குள்ளயே
கொண்டு வந்திட்டன்."

பெரியநீலாவணையில் அன்று
ஒரு பூட்டை உடைத்திருப்பார்கள்.
பத்து நிமிட வேலை.