இடையில் இருபத்தாறு நாள்

சனிக்கிழமை பரங்கிமலையில்
தோளை மூடியிருந்த துணியை
ஒரு பக்கம் அப்பாவும் மறுபக்கம் அம்மாவும்
உரித்தெடுத்தார்கள்.
ஐ.சி.எஃப்.பில் முப்பது வருடம்
வெல்டிங் பிடித்த விரல்
பட்டை முடிச்சில் தடுமாறியது.
திங்கட்கிழமை அயனாவரத்தில்
கேஸ் சிலிண்டர்காரருக்காக
வாசலில் நின்றேன்.
லெப்டினென்ட் மெர்லின் ஜெபசெல்வி,
கையில் சில்லறையோடு.

பீரங்கிப் படை என்று உத்தரவு.
பீரங்கி எதையும் இதுவரை தொட்டதில்லை.
அதற்குத்தான் தேவ்லாலியில் வகுப்பு.
அதுவரைக்கும் இருபத்தாறு நாள்.
தோளில் இரண்டிரண்டு நட்சத்திரம்,
தொழில் தெரியாது.

முதல் வாரம் தூங்கினேன்.
நாலே முக்காலுக்கு உடம்பு தானாக எழுந்துகொண்டது.
விசில் இல்லை, கத்தல் இல்லை,
கொசுவர்த்தியின் கடைசிச் சுருள் மட்டும்.
மாடி வீட்டு கிறிஸ்டோபர் கேட்டார்:
"அங்க சாப்பாடெல்லாம் போடுவாங்களா?"
போடுவார்கள் என்றேன்.
அவருக்கு அது போதுமாக இருந்தது.

பாரிமுனையில் கறுப்பு டிரங்க் பெட்டி வாங்கினேன்.
பெயர் எழுதுகிற பையன்
வெள்ளைப் பெயின்ட்டைத் தொட்டுக்கொண்டே
"கீழ ஊர் என்ன போடட்டும்?" என்றான்.
விட்டுவிடு என்றேன்.
பெயருக்குக் கீழே ஒரு சாண் இடம்
காலியாக வீட்டுக்கு வந்தது.

இரண்டாம் வாரம் மழை.
ஓடப்போன இடத்தில்
மெட்ரோவுக்காக அடைத்த தகரத்தின் ஓரம்
சிவப்பு விளக்குக் குச்சியும் விசிலுமாக ஒருவன்
லாரிகளை நிறுத்திக்கொண்டிருந்தான்.
மிதிலேஷ். சிவான் மாவட்டம். இருபது வயது.
ராணுவத்துக்கு ஓடினானாம்,
ஆயிரத்து அறுநூறு மீட்டரில்
ஒன்பது நொடி பிந்திவிட்டது.
அடுத்த தேர்வுக்குக் காத்திருக்கிறான்.

அவனிடம் பேசத் தொடங்கியபோதுதான் தெரிந்தது
எனக்குத் தெரிந்த இந்தி எவ்வளவு என்று.
சாவ்தான். விஷ்ராம். தாஹினே முட்.
நாற்பது பேரை ஒரே சொல்லில்
வலப்பக்கம் திருப்ப முடியும்.
ஊரிலிருந்து போன் வந்ததா என்று
ஒருவனைக் கேட்க முடியாது.

ஏழு நிமிடத்தில் ஓடி முடித்து,
அவன் டீக்குப் போகிற பத்து நிமிடத்தில்
தகரத்தில் சாய்ந்து கற்றேன்.
தலை வலிக்கிறதா.
தங்கைக்குக் கல்யாணம் எப்போது.
அம்மாவிடம் சண்டையா.
நான் கேட்கும்போதெல்லாம் அவன் சிரித்தான்.
"மேடம், நீங்க கேள்வியையும் கட்டளை மாதிரியே கேட்கிறீங்க.
கடைசியில குரலை மேல விடுங்க.
பதிலுக்கு இடம் வேணும்ல."
அன்று முழுக்க
குக்கர் சத்தத்துக்கு நடுவே
குரலை மேலே விட்டுப் பார்த்தேன்.
"யார்கிட்டடி பேசுற?" என்றாள் அம்மா.

பதிலுக்கு நான் அவனை ஓடவிட்டேன்.
ஷிஃப்ட் முடிந்ததும் ஐ.சி.எஃப். மைதானத்தில், நாலு சுற்று.
மூன்றாவது சுற்றில்தான் அவன் நொடிகளை இழக்கிறான்.
தோளை இறுக்குகிறான், மூச்சை எண்ணுகிறான்.
எண்ணாதே என்று சொல்ல
இந்தியில் எனக்கு வார்த்தை இருந்தது.
ஒன்பது நொடி ஆறானது.
ஆறு, அதற்கு மேல் இறங்கவே இல்லை.
பொய் சொல்ல மனம் வரவில்லை, கடிகாரத்தைக் காட்டினேன்.
அவன் தலையாட்டிவிட்டு
ஷூவிலிருந்து கல்லைத் தட்டினான்.

இருபத்தாறாம் நாள், விடியாத நேரம்.
ஆட்டோவின் பின்னால் டிரங்க் பெட்டி.
அப்பா முன்னாலேயே சென்ட்ரலுக்குப் போய்விட்டார்,
பிளாட்பாரம் நம்பர் பார்த்து வைக்க.
தகரத்து முனையில் விசில் கேட்டது.
ஜல்லி லாரி, தண்ணி லாரி, ஒரு பால் வண்டி,
எல்லாம் நின்றன.
சிவப்புக் குச்சியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து
மழைக்கோட்டில் விறைப்பாக நின்றான்.
திருப்பி சல்யூட் வைக்கக் கை எழுந்தது,
தலையில் தொப்பி இல்லை, இறக்கிவிட்டேன்.

தலையை வெளியே நீட்டி,
குரலைக் கடைசியில் மேலே விட்டு,
"கானா காயா?" என்றேன்.

"இன்னும் இல்ல மேடம்"
என்றான், தமிழில்.
பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.