திங்கட்கிழமை, பெர்லின்

அலெக்சாண்டர்பிளாட்ஸில் தொடங்கினோம்.
கோபுரத்தின் உருண்டையை முகில் விழுங்கியிருந்தது.
ஏறிப் பார்க்க ஆளுக்கு இருபது யூரோவுக்கு மேல் என்றதும்
"கோபுர தரிசனம் எட்ட நிண்டாலும் புண்ணியம்தான்"
என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

துஷ்யந்தனின் போனில் பட்டியல் இருந்தது:
பதினொரு இடங்கள், இடையிடையே கழிப்பறைகள்,
ஒவ்வொன்றுக்கும் நிமிடக் கணக்கு.
நடந்தால்தான் ஊர் தெரியும் என்று
வுப்பர்டாலிலிருந்து ஓதிக்கொண்டு வந்த அப்பா
முதல் பாலத்திலேயே புதுச் சப்பாத்தைக் கழற்றிக்
குதிக்காலைத் தடவினார்.

மகிழி சிலைகளுக்குப் புள்ளி போட்டாள்.
நிற்பவருக்கு ஒன்று.
குதிரையில் இருந்தால் இரண்டு.
தலையில் புறா இருந்தால் மேலும் மூன்று.
எந்த நாட்டையோ பிடித்த அரசர் ஒருவர்
ஐந்து புள்ளியோடு முன்னுக்கு நின்றார்.
தம்பி ஆதிரன் தள்ளுவண்டியில் தூங்கியபடியே
ஒரு தேவாலயத்தையும் இரண்டு நூதனசாலைகளையும்
பார்த்து முடித்தான்.

பூத்திருந்த லிண்டன் மரத்தடி வாங்கில்
விடிய எழும்பிப் பொரித்த மீன் ரோல்ஸைப் பிரித்தோம்.
பக்கத்து வாங்கு மனிதர் ஒருமுறை திரும்பினார்;
மறுமுறை நன்றாகவே திரும்பினார்.
அப்பா ஒன்றை நீட்ட, வாங்கிக்கொண்டார்.
பேச்சுக்கு இடமில்லை.
உறைப்புக்குத் தண்ணீர் போதுமாயிருந்தது.

பெரிய வாயில் வந்தது. உச்சியில் நாலு குதிரை.
"தேரில நிக்கிறவவுக்கு எட்டோ, ஒண்டோ?"
தீராத வழக்கு.
படம் எடுத்தோம். எங்களுக்குப் பின்னால்
இன்னும் ஏழு குடும்பங்கள்
எங்களைப் பின்னால் வைத்துப் படம் எடுத்தன.

அங்கால் தெருவில் இரட்டைக் கல்வரிசை,
மதில் நின்ற தடம்.
மகிழி ஒரு காலை அந்தப்பக்கமும்
ஒரு காலை இந்தப்பக்கமும் வைத்து
"இப்ப நான் எங்க நிக்கிறன்?" என்றாள்.
மணி அடித்துக்கொண்டு ஒருவர் வந்தார்.
"சைக்கிள் பாதையில" என்றான் துஷ்யந்தன்.

அப்பா குனிந்து கல்லைப் பார்க்கவில்லை.
வந்த வழியைப் பார்த்து நின்றார்.
"அந்த ஸ்டேசன் கிட்டவோ?"

பட்டியலில் அது இல்லை.

எண்பத்தைந்து, தை மாதம்.
மொஸ்கோ வழியாய் வந்த விமானம், இரவல் கோட்டு,
யாரோ சிகரெட் பெட்டியில் கீறிக் கொடுத்த படம்:
இந்தப் படி, இந்தக் கதவு, ஆரோடும் கதைக்காதே,
அங்கால் ரயில், அங்கால் மற்றப் பெர்லின்.
இவ்வளவும் அவர் எனக்குச் சொன்னதல்ல.
அம்மா போனில் யாருக்கோ சொல்ல
மாடிப்படியில் குந்தியிருந்து கேட்டது.

ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராசே ஸ்டேசனில் பாண் வாசனை, பூக்கடை,
ஒரு படியில் ஏறினார், இறங்கினார்.
இன்னொன்றில் ஏறினார்.
"இதில்லை."
கொஞ்சம் நின்று,
"இதாயும் இருக்கலாம்."

வெளியே ஒரு கண்ணாடிக் கட்டடம்.
கண்ணீர் மாளிகை என்று ஊர் வைத்த பெயர்;
வழியனுப்ப வந்தவர்கள் அழுதுவிட்டுத் திரும்பிய வாசல்.
இப்போது நூதனசாலை, இலவசம்.
துஷ்யந்தனின் முகம் மலர்ந்தது.
அப்பா கதவைத் தள்ளினார்.
இழுத்தார்.
திங்கட்கிழமை.

கண்ணாடியில் நெற்றியை வைத்து,
இரு கையாலும் வெளிச்சத்தை மறைத்து,
நெடுநேரம் உள்ளே பார்த்தார்.
பிறகு சிரிக்கத் தொடங்கினார், தோள் குலுங்க,
நாங்கள் பயந்துபோகும் அளவுக்கு.
"அண்டைக்குப் பேரும் பொய், பாஸ்போட்டும் பொய்.
விட்டவங்கள்.
இண்டைக்கு எல்லாம் உண்மை.
விடமாட்டாங்களாம்."

கதவில் ஒட்டியிருந்ததை மகிழி எழுத்துக்கூட்டினாள்:
நாளைக்குத் திறக்குமாம்.
எங்கள் ரயில் ஆறு நாற்பதுக்கு.

ஆதிரன் கண்விழித்து, தானே நடப்பேன் என்று இறங்க,
காலியான தள்ளுவண்டியில்
அப்பாவின் சப்பாத்துகள் ஏறிக்கொண்டன.
குதிக்கால் ஓட்டையான காலுறையோடு
எங்களுக்கு முன்னால் அவர் நடந்தார்,
தெரிந்த வீட்டுக்குப் போகிறவர் போல.

"அம்மா, நடக்கிற ஆளுக்கு எத்தனை புள்ளி?"

அதை இன்னும் நாங்கள் தீர்மானிக்கவில்லை.