ஏழு பேருக்கு இரண்டு எலி

போயா நாள். வெள்ளவத்தை, நாலாம் மாடி.
லிஃப்ட் பழுது. எல்லோரும்
ஒரே மாதிரி மூச்சிரைக்க வந்து அமர்ந்தார்கள்;
அந்த ஐந்து நிமிசம் எவர் முகத்தையும் படிக்க முடியாது.
கட்டிலிருந்து ஏழு சீட்டைப் பிரிக்கிறேன்.
ஆட்டின் ஐந்து, இஸ்கோப்பன் இரண்டு.
சிவப்பு வந்தால் ஊர்,
கறுப்பு வந்தால் எலி.

துரோகி என்றுதான் முதலில் வைத்திருந்தோம்.
பிரதீபன் தேத்தண்ணிக் கோப்பையை இறக்கிவிட்டு
"வேற சொல் போடுங்கோ" என்றான்.
அவனுடைய சித்தப்பாவை மின்கம்பத்தில் கட்டியிருந்தபோது
கழுத்தில் தொங்கிய அட்டையில்
அந்தச் சொல்தான், எழுத்துப்பிழையோடு.
றிஸ்மியா உடனே சொன்னாள்: "எலி."
டில்ருக்ஷி சிரித்தாள்.
கொஞ்சம் பிந்தி, பிரதீபனும்.

"இரவு, கண்ணை மூடுங்கோ" என்பேன்.
ஐந்து பேர் மூடியிருக்க
இருவர் திறந்து ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.
முழு விளையாட்டும் அதற்குள்தான்:
கொஞ்சப் பேருக்கு எல்லாம் தெரியும்,
மற்றவர்களுக்குத்
தாங்கள் நிறையப் பேர் என்பது மட்டும் தெரியும்.

தராசு நேராக நிற்பதில்லை.
சீ.ஆர். கொப்பியில் கணக்கு இருக்கிறது:
நாற்பத்தொரு ஆட்டம்,
எலி வென்றது இருபத்தொன்பது.
ஒற்றை எலியாகக் குறைத்துப் பார்த்தேன்;
துணையில்லாத எலி
இரண்டாம் பகலிலேயே தானாக உளறிவிடுகிறது.
செத்தவர் ஒரேயொரு சொல் சொல்லலாம் என்று மாற்றினேன்;
செபமாலை செத்த கையோடு பெயரையே சொன்னார்,
பத்து நிமிசத்தில் ஆட்டம் முடிந்தது.
ஆகவே இப்போது செத்தவர்கள் பால்கனிக்குப் போகவேண்டும்.
அங்கே மிக்ஸர் உண்டு, கடல் உண்டு.
யார் எலி என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.
கரையோர ரயில் கடக்கும்போது மட்டும்
வாய்விட்டுக் கதைத்துக்கொள்கிறார்கள்.

அந்தோனெற்றா எலியானால்
கூட்டாளி எலியை முதலில் காட்டிக்கொடுப்பது அவளாகவே இருக்கும்;
அதற்குப் பிறகு ஊரே அவள் பின்னால்.
டில்ருக்ஷி, "எனக்குத் தமிழில பொய் சொல்லத் தெரியாதே" என்று
கண்ணை விரித்து
மூன்று தடவை வென்றவள்.
இந்துஜா எதுவும் பேசமாட்டாள், நகம் கடிப்பாள்,
அதனாலேயே சாவாள்.

கஜமோகன் வேறு ரகம்.
கேட்கமுன்னமே பதில் சொல்வார்.
"நான் ஊர். முதல் இரவு கண் திறக்கேல்ல.
வேணுமெண்டா றிஸ்மியாவைக் கேளுங்கோ."
நெற்றியெல்லாம் வேர்வை.
தொடக்கத்தில் அவரைத்தான் முதல் ஆளாக வெளியேற்றினோம்.
எட்டுத் தடவையும் சிவப்பு.
வெட்கப்பட்டு விட்டுவிட்டோம்.

இன்றைக்கும் அதே வேர்வை, அதே அவசரம்.
"பாவம், அவர் எப்பவும் இப்பிடித்தான்" என்றாள் இந்துஜா.
பால்கனி நிரம்பியது.
மேசையில் இருவர் மிஞ்சியபோது
கஜமோகன் சீட்டைத் திருப்பினார்:
இஸ்கோப்பன் ராசா.

"எப்பிடி?" என்று கத்தினாள் அந்தோனெற்றா.
அவர் கிளாஸைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"ஏ.எல். எடுத்த வருசம்
ஹவ்லொக் றோட்டில ஒவ்வொரு நாளும்
பஸ்ஸால இறக்கி விசாரிப்பாங்கள்.
ஒண்டும் செய்யாமலே வேர்க்கப் பழகிட்டன்.
இப்ப செய்தாலும்
வாறது அதே வேர்வைதான்."

யாரும் கொஞ்ச நேரம் சீட்டைப் பொறுக்கவில்லை.
கொப்பியில் முப்பது என்று எழுதினேன்.
பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தால்
அதில் பன்னிரண்டு அவருடையது.
விதி ஒன்று எழுதத் தொடங்கி
பேனையை மூடினேன்.

எல்லோரும் இறங்கிப் போனார்கள்.
பால்கனியில், செத்தவர்களின் நாற்காலியில் இருந்து பார்க்கிறேன்.
ஆறு பேர் றோட்டைக் கடந்து
கொத்துக் கடை வாசலில்
ஆட்டம் பற்றி இன்னும் சண்டைபிடிக்கிறார்கள்.
கேற்றடியில் கஜமோகன்
சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து
நீட்டிக்கொண்டு நிற்கிறார்.
காவலாளி போனில் கிரிக்கெட் பார்க்கிறார்,
இன்னும் தலை நிமிரவில்லை.