சும்மா போட்ட பாட்டு

மார்த்தாண்டத்தில்
ரப்பர் ஷீட் எடுக்கிற கடைக்கு மேலே
சேம்ராஜ் அண்ணனின் ரெக்கார்டிங் சென்டர்.
அங்கே பதிந்த கேசட்டைத் திறந்தால்
புகைபோட்ட ஷீட் மணக்கும்.
காதல் பாட்டின் மணமே அதுதான் என்று
ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில்
கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கிழித்து
பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தோம்,
ஆறு எனக்கு, ஆறு லில்லிபாய்க்கு.
"ரெண்டாம் பக்கத்துல கொஞ்சம் இடம் கெடந்து.
சும்மா ஒண்ணு போட்டிருக்கேன், கேளுங்க பிள்ளையளே."
அட்டையில் அதன் பெயர் இல்லை.
எந்தப் படம் என்றால்
தலையைச் சொறிந்தார்.

கேட்டுக் கேட்டுத் தேய்த்தது
அந்தப் பதின்மூன்றாவதைத்தான்.
இரண்டாம் சரணத்தில் குரல் மேலே ஏறி
"வ" என்று ஓர் எழுத்தைத் தொட்டதும்
நாடா தீர்ந்துவிடும்.
டக்.

"வருவாய்" என்பாள் லில்லிபாய்.
"வலி" என்பேன் நான்.
டியூஷனுக்குப் போகும்போதெல்லாம்
குழித்துறைப் பாலத்தில் இதே வழக்கு.
பந்தயம் ஒரு பழம்பொரி.
தீர்ப்பு வரவில்லை.
அவள் நர்சிங் படித்து மஸ்கட் போனாள்.
என் அண்ணன் அந்த கேசட்டின் மேல்
கன்வென்ஷன் பிரசங்கம் பதிந்தான்.
ஆமென் சொல்லி முடிந்த பிறகும்
கடைசி முக்கால் நிமிஷம் தப்பிக் கிடந்தது:
குரல் ஏறும், வ, டக்.

நேற்று மேம்பாலத்தில் நெரிசல்.
ஜல்லி டெம்போவுக்குப் பின்னால்
கார் நின்ற இடம்
சரியாக அந்த மாடி ஜன்னலின் உயரம்.
இப்போது பல் ஆஸ்பத்திரி.
யாரோ வாயைத் திறந்தபடி கிடந்தார்.
அபிஷாவின் போன்
தன்பாட்டில் எதையெதையோ பாடிக்கொண்டிருந்தது,
பிறகு அதைப் பாடியது.

நான் மூச்சு விடவில்லை.
இரண்டாம் சரணம்.
குரல் ஏறியது.
"வ"
என் கை தானாக நீண்டது
கேசட்டைப் புரட்ட.

பாட்டு நிற்கவில்லை.
"வளையல்" என்றது.

வளையல்.

அதற்கப்புறமும் ஒன்றரை நிமிஷம் ஓடியது.
வயலின்கள், எங்கிருந்தோ ஒரு பெண்குரல்.
முப்பது வருஷம் குடியிருந்த வீட்டில்
திறந்தே பார்க்காத ஓர் அறை இருந்ததாம்,
அதில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்களாம்.

"கையை என்னத்துக்கும்மா நீட்டுதிய?"
"ஒண்ணுமில்ல மக்களே. ஏசி கூடுதல்."

மஸ்கட்டில் மணி நாலரை இருக்கும்,
டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்பாள்.
'ரெண்டு பேரும் தோத்துட்டோம்' என்று அடித்தேன்.
அழித்தேன்.
'அது வருவாய்தான் கேட்டியா' என்று அனுப்பினேன்.

டெம்போ ஓரடி நகர்ந்தது.
ஜன்னலில் பல் டாக்டர்
விளக்கைத் திருப்பினார்.
பதில் வந்தது:
'நான் அப்பமே சொன்னேம்லா.
பழம்பொரி பாக்கி.'