இருநூற்றுப் பதினோராம் பக்கம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில்
மாடிப்படி ஏறினால் என் கடை.
கீழே மருந்துக்கடை. மேலே நான், இரண்டு மெஷின்,
மூலை உடைந்த ஒரு நிலைக்கண்ணாடி.
அளவுக்கு நிற்பவர்கள் கைகளை விரித்தபடி
எதையாவது கதைத்தே ஆகவேணும்.
இந்த மாசம் அந்த நாவல்.

தில்லைநாதர் மாஸ்டர் காற்சட்டை இடுப்பைக் குறைக்க வந்தவர்.
முப்பத்தொரு வருசம் பூமிசாத்திரம் படிப்பித்தவர்.
"வைகாசியில் வாடைக்காற்று வீசுதாம், பிள்ளை.
வைகாசியில்!
சோளகம் அடிக்கிற மாசம் தெரியாதவன்
வவுனியா தாண்டியிருக்கமாட்டான்."
சொல்லிவிட்டு வயிற்றை எக்கினார். நான் நாடாவைத் தளர்த்தினேன்.

சட்டத்தரணி பெனடிக்டா, கறுப்புக் கோட்டின் கைநீளம்:
"போராளி என்று பின்னட்டையில் போட்டிருக்கு.
ஒரு திகதியும் குறுக்கு விசாரணைக்கு நிக்காது."
பிறகு, கண்ணாடியைப் பார்த்து,
"ரெண்டு இரவாய் நித்திரை இல்லை, அது வேற கதை."

லண்டனிலிருந்து கலியாணத்துக்கு வந்த மாப்பிள்ளை
எரிக்கவேணும் அக்கா என்றான்.
எத்தனை பக்கம் படித்தீர் என்று கேட்டேன்.
முன்னுரை.

தெஹிவளையில் காப்புறுதி விற்கிறவனாம்.
இல்லை, அது ஒரு பொம்பிளையாம்.
இல்லை, மூன்று பேர் சேர்ந்து எழுதினதாம், ஒருவர் செத்துப்போனாராம்.

ரிஃப்கா மட்டும் கோபப்படாமல் சொன்னாள்.
அபாயாவின் கரையை மடித்துப் பிடித்தபடி:
"யாழ்ப்பாணத்தில் எங்கட தெருவால் நடந்து போறான்.
எல்லாக் கதவும் பூட்டிக் கிடக்கு.
ஏனெண்டு அவனுக்குக் கேக்கத் தோணேல்லை.
காற்றுப் பிழையெண்டு சண்டை பிடிக்கிறாங்கள், என்ன?"
வாயில் குண்டூசிகள் இருந்தன எனக்கு.
அது நல்லதாய்ப் போயிற்று.

ஆனால் இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில்
எல்லாரும் ஒன்று.
கழுத்தளவு நீரில் ஒருத்தி, தலையில் தையல் மெஷின்.
பின்னால் தம்பி, ஆறு வயசு, அவள் பாவாடையைப் பிடித்தபடி.
எங்கோ விழுகிறது. தண்ணீர் எழும்புகிறது.
அவள் மெஷினைக் கைவிட்டு
இரண்டு கையாலும் தம்பியைத் தூக்குகிறாள்.
மாஸ்டருக்கு அதில் குரல் உடையும்.
"இதைக் கண்ணால் காணாதவன் எழுத ஏலாது.
இந்த ஒரு பக்கம் சத்தியம்."
பெனடிக்டாவும் அப்படித்தான். மாப்பிள்ளைக்கு யாரோ வாசித்துக் காட்டினார்களாம்.

நாலு நாற்பது ரயில் கடலோரமாய்ப் போகும்போது
என் பழைய மெஷின் ஒருமுறை நடுங்கும்.
அதன் பக்கத்தில் இலக்கத்தகடு,
உப்பு தின்ற ஓரம்.
நான் ஒவ்வொரு வெள்ளியும் எண்ணெய் விடுகிறேன்.

முகாமில் தண்ணீர் பவுசரோடு ஒருவன் வருவான்.
குழாயைப் பிடிப்பான், வரிசையை அதட்டமாட்டான்.
ஒருநாள் தண்ணீர் தீர்ந்த பிறகும் போகவில்லை.
என்ன நடந்தது என்று கேட்டான்.
கேட்ட முதல் ஆள் அவன்.
நான் சொன்னேன்: மெஷினை விட்டேன், தம்பியைத் தூக்கினேன்.
தம்பி எங்கே என்று கேட்கவில்லை. நல்லவன்.
அவன் அமர்ந்திருந்த சாக்கைத் தட்டி
அரிசியா என்றான்.
ஓம் என்றேன்.

ஒரு எழுத்தை அவன் மாற்றவில்லை.
காற்றை மாற்றினான், மாசத்தை, ஊரை, தன் பெயரை.
என் சொல்லை மட்டும்
நான் கொடுத்த அளவிலேயே தைத்திருக்கிறான்.

நேற்று மாஸ்டர் புத்தகத்தையே கொண்டுவந்து
வெட்டுத்துணிகளுக்கு மேல் வைத்தார்.
"நீர் படிச்சனீரோ, பிள்ளை?
நீர் அங்கத்தைய ஆள். நீர் சொல்லும், உண்மையோ பொய்யோ?"
மின்விசிறி பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது.
அது அந்த இடத்துக்கு வருமுன்
கத்தரிக்கோலை எடுத்து மேலே வைத்தேன்.

நேரமில்லை மாஸ்டர் என்றேன்.
இடுப்பு இப்ப சரியோ?
கொஞ்சம் நடந்து பாருங்கோ.